கண்ணுத்துண்டு

எங்கள் ஊர்ப் பொருட்காட்சியில் கைவேலைப் போட்டிக்கு வரும் விரிப்புகளுக்கு எப்படி மார்க் போடுகிறார்கள் என்று யாராவது ஒருநாள் நின்று பார்க்க வேண்டும். வயிறு எரியும். தாயும் பிள்ளையும் கைகாலை நீட்டிப் படுக்கிற அகலத்துக்குத் தைத்ததை எட்டாக மடித்து, ஊறுகாய் பாட்டிலுக்கும் பனையோலைக் கூடைக்கும் நடுவில் வைத்துவிடுவார்கள். மேசையில் இடம் அவ்வளவுதானாம். மேலே தெரிவது ஒரு மூலை. நடுவர்கள் வருவார்கள், அந்த மூலையை இரண்டு விரலால் தூக்கிப் பார்ப்பார்கள், தாளில் எதையோ எழுதிவிட்டு ஊறுகாய்க்கு நகர்ந்துவிடுவார்கள். விரித்துப் பார்ப்பதில்லை, புரட்டிப் பார்ப்பதில்லை. படுத்துப் பார்க்கவா சொல்கிறோம், கையால் தடவியாவது பார்க்கலாம். இலையின் ஓரத்தைப் பார்த்துவிட்டு விருந்துக்கு மார்க் போடுகிற கூட்டம் அது.

இதைச் சொன்னால், "உங்களுக்குத்தான் முதல் பரிசு குடுத்தாங்கல்ல, பின்ன என்ன கோவம்?" என்று கேட்கிறார்கள். முதல் பரிசு கொடுத்ததால்தான் எழுதுகிறேன். தோற்றிருந்தால் இந்நேரம் மறந்தே போயிருக்கும்.

நான் திண்டுக்கல்லில் ரவிக்கை தைக்கிறவள். வீட்டு முன்னறைதான் கடை. ரவிக்கை வேலை குறைந்த நாட்களில் பழைய சேலைகளை அடுக்கி விரிப்பு தைப்பேன். மேலும் கீழும் நல்ல சேலை, நடுவில் துவைத்துத் துவைத்து நைந்துபோனவை. சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை கிடைத்தால் அதைத்தான் மேலே வைப்பேன். பழசாகப் பழசாக அந்தத் துணி பூப்போல ஆகிவிடும். அடுக்கியதை ஓரத்தில் தொடங்கி நடுவரைக்கும் கையாலேயே ஓட்டுத்தையல் போட்டுச் சேர்ப்பேன். மெஷினில் ஓட்டினால் விறைத்துக்கொண்டு நிற்கும், குழந்தை முதுகுக்கு ஆகாது. புதுத்துணியில் தைத்துக் கொடு என்று கேட்டு வருகிறவர்களை நான் ஜவுளிக்கடைக்கு அனுப்பிவிடுவேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. விரிப்பு முழுவதையும் எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும், ஒரு மூலையில் மட்டும் நிறம் சேராத ஒரு துண்டை வைத்துக் கோணலாகத் தைப்போம். கண்ணுத்துண்டு என்போம். பிள்ளை கன்னத்தில் மைப்பொட்டு வைக்கிற மாதிரி, கண் படாமல் இருக்க. விரிப்பைத் தைத்தவள் அதைத் தைக்கக் கூடாது. அந்த விரிப்பில் யார் படுக்கப்போகிறார்களோ அவர்கள்தான் தைக்க வேண்டும். பிள்ளைக்கு என்றால் பிள்ளையைப் பெறுகிறவள். ஊசி பிடிக்கத் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. தெரியாதவர்கள் தைத்தால் இன்னும் நல்லது என்பார்கள். வைத்த பிறகு அதைப் பிரிப்பதில்லை. துணி கிழிந்து விரிப்பே போகிற வரைக்கும் அது அங்கேயே இருக்கும்.

எனக்கு இதிலெல்லாம் அப்படியொன்றும் நம்பிக்கை இருந்ததில்லை. வழக்கம், அதனால் செய்தேன். என் மகள் விஷயத்தில்தான் அது வேறு மாதிரி ஆனது.

அவளைக் குஜிலியம்பாறைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. பிள்ளை போனது ஒரு துக்கம் என்றால், பார்க்க வந்தவர்கள் பேசிய பேச்சு இன்னொரு துக்கம். அவள் ஆசையாகத் தொட்டில் துணியும் குட்டிக் கொசுவலையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தாள். "வயித்துல இருக்கையிலேயே அம்புட்டையும் வாங்கி அடுக்குனா கண்ணு படாம என்ன செய்யும்?" என்று அவள் காதுபடவே சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுக் கிடக்கிறவளிடம் போய், நீதான் கொசுவலை வாங்கிக் கெடுத்தாய் என்று சொல்கிற வாயை என்ன செய்வது? ஒருத்தியை நான் வாசலோடு திருப்பி அனுப்பினேன். காப்பி கூடக் கொடுக்கவில்லை. ஆனால் சொல் உள்ளே போய்விட்டது. உள்ளே போன சொல்லை எந்த வாசல் வழியாக விரட்டுவது?

மறுபடி உண்டானபோது அவள் ஒன்றும் வாங்கவில்லை. வளைகாப்பு வேண்டாம் என்றாள். பெயர் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். மாப்பிள்ளை ஒரு கிலுகிலுப்பை வாங்கி வந்ததற்கு அழுது தீர்த்து, அதைத் திருப்பிக் கொடுக்க வைத்தாள். வயிறு தெரிய ஆரம்பித்தும் துப்பட்டாவால் மூடிக்கொண்டே திரிந்தாள். எனக்குப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வரும், அவள்மேல் இல்லை.

நான் விரிப்பு தைத்துக்கொண்டிருந்ததை அவளிடம் சொல்லவே இல்லை. ஏழாம் மாதம் ஆஸ்பத்திரிக்குக் காட்ட வந்தவள் முன்னறையில் அதைப் பார்த்துவிட்டாள். சிவப்பும் மஞ்சளுமாகச் சுங்குடிச் சேலை மேலே இருந்தது. யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மூலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

"கண்ணுத்துண்டு வச்சாச்சாம்மா?"

"இன்னும் இல்ல. அது நான் வைக்கிறது இல்லேல்ல."

"குடு. அது ஒண்ணும் ஆசைப்பட்டு வாங்குறது இல்லையே. கண்ணு படக்கூடாதுன்னு வைக்கிறதுதான."

தான் கல்லூரிக்குப் போட்ட பழைய சுடிதார் ஒன்றை அலமாரியில் தேடி எடுத்தாள். காக்கியும் இல்லாத காப்பிப்பொடியும் இல்லாத ஒரு நிறம். அதில் ஒரு துண்டை வெட்டி மூலையில் வைத்துத் தைத்தாள். என் வயிற்றில் பிறந்தவளுக்கு ஊசி சுட்டுப்போட்டாலும் வராது. ஒரு தையல் நெல் அளவு, அடுத்தது பல்லி அளவு. நடுவில் விரலைக் குத்திக்கொண்டாள். முடித்துவிட்டு அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, "இதைப் பாத்துட்டு எந்தக் கண்ணும்மா கிட்ட வரும்?" என்று சிரித்தாள். அந்தப் பிள்ளைக்கென்று அவள் செய்த ஒரே காரியம் அது. பயமில்லாமல் செய்ததும் அது ஒன்றுதான்.

எங்கள் மகளிர் குழுத் தலைவி குழு நோட்டில் கையெழுத்து வாங்க வந்தபோது விரிப்பைப் பார்த்தாள். அவளும் தையற்காரிதான், நல்ல கை. பொருட்காட்சிப் போட்டிக்கு இதை வை என்று பிடித்துக்கொண்டாள். முதல் பரிசு வாங்குகிற குழுவைச் சென்னைக் கண்காட்சிக்கு அனுப்புவார்கள், அங்கே குழுவுக்குக் கடை போட இடம் கிடைக்கும். நான் மகளிடம் போனில் கேட்டேன். வேண்டாம் என்பாள் என்றுதான் நினைத்தேன்.

"வையும்மா. கண்ணுத்துண்டு இருக்குல்ல, ஒண்ணும் ஆகாது" என்றாள். பிறகு, "என் தையலும் போட்டிக்குப் போகுது பாரேன்" என்றாள். ரிசல்ட் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் வருவதாகச் சொன்னாள். அவள் ஒரு நாளை எதிர்பார்த்துப் பேசியே எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

அன்று காலையில் விரிப்பைத் தகரக் கொட்டகையில் ஒப்படைத்தோம். ஒப்படைத்த பிறகு யாரும் பொருளைத் தொடக் கூடாது என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மடித்து வைத்தவர்கள் கண்ணுத்துண்டு இருந்த மூலையை மேலே வரும்படி வைத்திருந்தார்கள். நான் திருப்பி வைக்கப் போனேன். "தொடாதீங்கம்மா, ரூல்ஸ்" என்று கையைத் தட்டிவிடாத குறை. சரி, விரித்துப் பார்ப்பார்கள்தானே என்று விட்டுவிட்டேன். அப்போது எனக்கு இவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் ஜவுளிக்கடைக்காரர், அவர் போனில் பேசிக்கொண்டே வந்தார். இன்னொருவர் யாரோ அதிகாரியின் மனைவி. மூன்றாவது அம்மா தையல் பள்ளி நடத்துகிறவர், பேசியது முழுக்க அவர்தான். பேனா முனையால் என் மகளின் துண்டைத் தூக்கினார். கையால் கூட இல்லை.

"இந்த விரிப்பு யாரு வச்சது?"

"நான்தான் மேடம்."

"வேலை நல்லாத்தான் இருக்கு. இந்த மூலை மட்டும் ஏன் இப்படி? கலரும் சேரல, தையலும் கோணல். அவசரத்துல வச்சீங்களா?"

கண்ணுத்துண்டைப் பற்றிச் சொன்னேன். யார் தைத்தது, ஏன் தைத்தது என்பதையும் சொன்னேன். முன்பின் தெரியாதவர்களிடம் மகளின் துக்கத்தைச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. இருந்தாலும் சொன்னேன்.

அந்த அம்மா சிரித்தார். "தெரியும்மா. எங்க வீட்டு மாடியிலயும் திருஷ்டி பொம்மை தொங்குது. அது வீட்டுக்கு. இங்க ஃபினிஷிங்னு தனியா மார்க் இருக்கு. நான் என்ன போடுறது, சொல்லுங்க."

"விரிச்சுப் பாத்துட்டுப் போடுங்க மேடம்."

"எல்லாத்தையும் விரிச்சா சாயங்காலம் ஆயிரும். ஒண்ணு செய்யுங்க. அந்தத் துண்டைப் பிரிச்சுட்டு, கரைக்குச் சேர்ற மாதிரி வேற வச்சுடுங்க. ரிசல்ட் எழுதுறதுக்கு முன்னாடி ஒருதரம் வந்து பாக்குறேன்."

திருப்பி வைக்கத் தொடக் கூடாதாம், பிளேடு போட்டுப் பிரிக்கத் தொடலாமாம். "அது எம்மக தைச்சது. பிரிக்க மாட்டேன் மேடம். பரிசு வேணாம்" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஊறுகாய்க்குப் போனார். தலைவி என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் மாட்டேன் என்றது தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று பிற்பாடு சாதித்தாள்.

மகளை அழைத்துவர நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். என் தையல் பையைத் தலைவியிடம் கொடுத்துவிட்டுப் போனேன். பஸ் தாமதம். வந்து இறங்கியவளைப் பார்த்ததும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. மல்லிகைப்பூ வைத்திருந்தாள். துப்பட்டாவை ஒரு பக்கமாகப் போட்டு வயிறு தெரிய வந்திருந்தாள். ஆட்டோவில் வரும்போது நடுவரோடு நடந்ததைச் சொன்னேன். "பரிசு போனாப் போகுது விடும்மா. நாலு பேரு பாத்தாங்கள்ல, அது போதும்" என்றாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேடையில் பரிசு வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். மகளை முன்வரிசையில் ஒரு நாற்காலி பார்த்து உட்கார வைத்தேன். முதல் பரிசு என்று என் பெயரை வாசித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மா போய் விரித்துப் பார்த்திருப்பார், நியாயம் பிறந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன். மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். மேடை ஏறினேன். கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள். போட்டோவுக்காக இரண்டு பெண்கள் விரிப்பை விரித்துப் பிடித்தார்கள். மார்க் போடும்போது விரிக்க நேரமில்லை, போட்டோவுக்கு மட்டும் நேரம் இருந்தது.

மூலையில் சிவப்புக் கரைத் துண்டு இருந்தது. என் பையிலிருந்த மிச்சத் துணிதான். நிறம் அச்சாகச் சேர்ந்திருந்தது, தையல் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. நல்ல கை என்று சொன்னேன் அல்லவா.

நான் மகளைப் பார்த்தேன். அவள் அதற்கு முன்பே பார்த்துவிட்டாள். கைதட்ட எடுத்த கை மடியில் இறங்கிவிட்டது. துப்பட்டாவை இழுத்து வயிற்றை மூடினாள்.

"துண்டு எங்கடி?" என்று என்னோடு மேடையேறி நின்ற தலைவியைக் கேட்டேன்.

"அப்புறம் பேசுவோம்க்கா. போட்டோ எடுக்குறாங்க, சிரிங்க."

அந்தப் போட்டோவைக் குழு வாட்ஸப்பில் போட்டிருந்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் எனக்கும் சேர்த்துச் சிரித்திருக்கிறாள்.

மேடைக்குப் பின்னால் அவளைப் பிடித்து உலுக்கினேன். "யக்கா, ஒரு சாண் துணிக்கா இம்புட்டு? குழுவுக்காகத்தான செஞ்சேன். அந்த மேடமே பிரிக்கச் சொன்னாங்க" என்றாள். பிரித்த துண்டு எங்கே என்றேன். இங்கேதான் போட்டேன் என்று கையைக் காட்டினாள். பேப்பர் கப்பும் சாம்பார் சாதப் பொட்டலமும் குவிந்து கிடந்த மூலை. குனிந்து கையால் கிளறினேன். பட்டுச்சேலை கட்டிய பெண்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். சாம்பார் கையெல்லாம் ஒட்டியது. துண்டு கிடைக்கவில்லை. அதற்குள் ஒருமுறை கூட்டி வாரியிருந்தார்கள்.

கையைக் கழுவாமலே நடுவர் அம்மாவிடம் போனேன். விரிப்பைக் கொடுங்கள் என்றேன். பரிசு வாங்கிய பொருள் பொருட்காட்சி முடிகிறவரை தொங்க வேண்டும், ரூல்ஸ் என்றார்.

"ரூல்ஸ் பாத்துதான் பிளேடு போட்டீங்களா?" என்றேன்.

"நான் போடலயேம்மா. உங்க ஆளுங்கதான் சரி பண்ணிக் குடுத்தாங்க. அதனாலதான் பரிசே."

சரி பண்ணினார்களாம். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மகள் தைத்ததில் என்ன பிழை இருந்தது சரி பண்ண? கேடயத்தை அவர் மேசையில் வைத்தேன். அதற்குள் கட்டித் தொங்கவிட்டிருந்த விரிப்பைக் கயிற்றிலிருந்து நானே அவிழ்த்தேன். யாரோ "அந்தம்மாவைப் பிடிங்கப்பா" என்றார்கள். யாரும் பிடிக்கவில்லை. மகள் எழுந்து வந்து என் முழங்கையைத் தொட்டாள்.

"பரிசு வாங்கிட்டேல்ல, விடும்மா. போவோம்."

வீட்டுக்கு வந்து ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை அவள். சோற்றையும் வெஞ்சனத்தையும் அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டாள். நான் அவர்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அதன் நடுவே, "பிரிக்கக் கூடாதுன்னு சொல்லுவேல்ல. பிரிச்சா என்ன ஆகும்மா?" என்று கேட்டாள். ஒன்றும் ஆகாது என்றேன். அவள் என்னை நம்பவில்லை. அதன் பிறகு பிரசவம் வரைக்கும் அவள் பட்ட பாட்டை மாப்பிள்ளை போனில் சொல்வார். வயிற்றில் பிள்ளை கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாளாம். தூங்கினால் திடுக்கிட்டு எழுந்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாளாம். ஃபினிஷிங்குக்கு மார்க் போட்டவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் அதற்கு அவர்கள் தாளில் இடம் இல்லை.

பெண் குழந்தை பிறந்தது. கறுகறுவென்று முடியோடு, நல்ல எடையோடு பிறந்தது. உடனே எல்லோரும் எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, இன்னும் என்ன முறைத்துக்கொண்டு திரிகிறாய் என்றார்கள். நான் விரிப்பை அவிழ்த்து வந்ததால் குழுவுக்குச் சென்னை வாய்ப்பு போனது என்று தலைவிக்கு என்மேல் கோபம். இருக்கட்டும். அவள் கோபம் அவளுக்கு. பிள்ளை நன்றாகப் பிறந்துவிட்டால், அதற்கு முன்னால் ஒருத்தியைப் பயத்திலேயே சாகடித்தது இல்லை என்று ஆகிவிடுமா?

ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் குஜிலியம்பாறைக்கே கூட்டிப்போனார்கள். நான் விரிப்போடு போனேன். போவதற்கு முன்னால் அந்தச் சிவப்புத் துண்டைப் பிரித்துத் தூர எறிந்திருந்தேன். அதே சுடிதாரில் இன்னொரு துண்டு வெட்டி, ஊசியில் நூலும் கோத்து வைத்திருந்தேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் முன்னால் மூலையை விரித்து வைத்தேன்.

"இந்தா தாயி. உன் கையால வை."

அவள் ஊசியை வாங்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அது அன்னைக்குத் தைச்சதும்மா. இனிமே தைச்சா வெறும் தையல்தான்" என்றாள். விரிப்பை மெதுவாக என் பக்கம் தள்ளினாள். "நீ பரிசு வாங்குனது. நீயே வச்சுக்க."

பிறகு தன் வீட்டுக்காரரின் பழைய வேட்டியை நாலாக மடித்துத் தரையில் விரித்து, பிள்ளையை அதில் கிடத்தினாள்.